பங்கிடும் அமைச்சகம்: நிலக்கரி இல்லாத ஊரிலிருந்து ஒரு வரலாறு

2012 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை, சங்கரன்கோவில் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வாக்குப்பதிவு நடந்தது. மறுநாள் கூடிய தமிழக அமைச்சரவை, மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்த கூடங்குளம் அணுமின் நிலையப் பணிகள் தொடரலாம் என்று முடிவெடுத்தது. இரண்டு தேதிகளும் தற்செயலாக அடுத்தடுத்து வந்தன என்று அன்று நம்பியவர்கள் குறைவு. அதற்கு மூன்று வாரம் முன்புதான், சென்னைக்கு நாளுக்கு 2 மணி நேரம், மற்ற மாவட்டங்களுக்கு 4 மணி நேரம் என்று மின்வெட்டு அறிவிப்பு வந்திருந்தது. நடப்பில் தென் மாவட்டங்களில் அது இன்னும் நீண்டது. சங்கரன்கோவில் விசைத்தறியால் பிழைக்கும் ஊர். கரண்ட் போனால் ஓடிக்கொண்டிருந்த நாடா பாவுக்குள்ளேயே நின்றுவிடும். வந்த பிறகு தறியை ஓட்டினால், நின்ற இடம் சேலையின் குறுக்கே கோடாகத் தெரியும். அந்தச் சேலைக்கு முழு விலை கிடைக்காது. நெய்த அளவுக்குத்தான் கூலி என்பதால், நின்ற நேரம் முழுக்கத் தொழிலாளியின் நஷ்டம். அந்தத் தேர்தலில் அணுவைப் பற்றிப் பேசினார்கள், காற்றாலையைப் பற்றிப் பேசினார்கள், முந்தைய ஆட்சியைப் பற்றி நிறையவே பேசினார்கள். டெல்லி சாஸ்திரி பவனில் இருந்த நிலக்கரி அமைச்சகத்தைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களின் வாழ்வும் சாவும் அந்த அலுவலகத்தின் கோப்புகளில் இருந்தும், அது தேர்தல் பேச்சாக ஆகவில்லை.

அந்த அமைச்சகத்தின் வரலாற்றை வழக்கமாக இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஒன்று, டன் கணக்கு: தேசியமயமானபோது ஆண்டுக்கு ஏழு, எட்டுக் கோடி டன்னாக இருந்த உற்பத்தி 2024-25இல் 104 கோடி டன்னைத் தாண்டியது என்ற பெருமைக் கதை. மற்றது, ஊழல் கதை: சுரங்க ஒதுக்கீடு, தணிக்கை அறிக்கை, உச்ச நீதிமன்றம். இரண்டும் உண்மை. ஆனால் நிலக்கரிப் படுகை எதுவும் இல்லாத ஓர் ஊரிலிருந்து பார்க்கும்போது, இரண்டுக்கும் அடியில் மூன்றாவது ஒன்று தெரிகிறது. இந்த நாட்டில் நிலக்கரிக்கான அரசு அலுவலகம் வெட்டுவதற்காகப் பிறந்ததல்ல. யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதற்காகப் பிறந்தது. பெயர்கள் மாறின, சட்டங்கள் மாறின, அந்த வேலை மாறவில்லை. அதன் பெரிய தோல்விகளும் பெரும்பாலும் பங்கீட்டுத் தோல்விகள்தாம். பங்கிடும் இடத்தில் வாங்குபவருக்கும், நிலம் கொடுப்பவருக்கும் நாற்காலி போடாததே அதற்கு முதல் காரணம் என்பது என் வாதம்.

தொடக்கத்தைப் பார்த்தாலே இது விளங்கும். ராணிகஞ்சில் 1774இலேயே கம்பெனி ஆட்கள் நிலக்கரி வெட்டத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த 140 ஆண்டுகளுக்கு அதற்கென்று ஓர் அதிகாரி தேவைப்படவில்லை. முதல் உலகப் போரின் நடுவே, 1916இல், ரயிலுக்கும் கப்பலுக்கும் போர்த் தொழிலுக்கும் நிலக்கரி போதாமல் போனபோதுதான் கல்கத்தாவில் நிலக்கரிக் கட்டுப்பாட்டு அதிகாரி என்ற பதவி உண்டாக்கப்பட்டது. அந்த அலுவலகத்தின் தலைமையிடம் நெடுங்காலம் அந்த ஊரிலேயே இருந்தது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் வந்த சுரங்கக் கட்டுப்பாட்டு ஆணை விலையையும் விநியோகத்தையும் சேர்த்தே அரசின் கைக்குள் கொண்டுவந்தது. போர் முடிந்தது, கட்டுப்பாடு போகவில்லை. சுதந்திரத்துக்குப் பின் நிலக்கரி ஓர் அமைச்சகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டே இருந்தது. பணி-சுரங்கம்-மின்சாரம் அமைச்சகம், உற்பத்தி அமைச்சகம், 1957இல் எஃகு-சுரங்கம்-எரிபொருள், பிறகு எஃகு-சுரங்கம், 1974இல் எரிசக்தி அமைச்சகத்தின் ஒரு துறை, 1990களில் தனி அமைச்சகம், இடையில் சுரங்கத்தோடு சேர்ந்தும் பிரிந்தும். இந்தப் பெயர்ப்பலகை மாற்றங்களில் பெரிய பொருள் தேட வேண்டியதில்லை. எந்த அமைச்சரின் மேசையில் இருந்தாலும் கோப்பில் இருந்த கேள்வி ஒன்றுதான்: இந்த மாதம் யாருக்கு?

தெற்கு இந்தக் கேள்விக்கு வேறு விதமாகப் பதில் தேடியது என்பதையும் சொல்ல வேண்டும். தாமோதர், மகாநதி, கோதாவரி ஆற்றுப் படுகைகளை ஒட்டிக் கிடக்கும் நிலக்கரி, சென்னை மாகாணத்துக்கு என்றுமே தூரத்துப் பண்டம். அதனால்தான் 1932இல் பைகாரா, 1937இல் மேட்டூர், 1944இல் பாபநாசம் என்று இங்கே மின்சாரம் முதலில் தண்ணீரிலிருந்து பெருகியது. திருநெல்வேலிச் சீமை ஆலைகளுக்குக் கை கொடுத்தது தாமிரபரணி. நீர் போதாமல் போனபோதுதான் நாம் நிலக்கரி வரிசையில் போய் நின்றோம். அதற்குள் வரிசை நீண்டிருந்தது.

அந்த வரிசையைத் தன் கையில் எடுத்தவர் ஒரு தமிழர். மோகன் குமாரமங்கலம், திருச்செங்கோடு பக்கத்து ஜமீன் குடும்பத்தில் பிறந்து, கம்யூனிஸ்டாக வாழ்ந்து, சென்னை மாநில அட்வகேட் ஜெனரலாக இருந்து, 1971இல் புதுச்சேரித் தொகுதியில் வென்று எஃகு-சுரங்க அமைச்சரானவர். 1971 அக்டோபரில் இரும்பாலைகளுக்கான கோக்கிங் நிலக்கரிச் சுரங்கங்களின் நிர்வாகம் அவசரச் சட்டத்தால் அரசு வசமானது. 1972 மே 1இல் அவை தேசியமயமாயின. 1973 ஜனவரி இறுதியில் மற்றச் சுரங்கங்கள். அதே ஆண்டு மே 1இல் அவையும் அரசுடைமை. இந்த இரண்டாம் கட்டத்தில் மட்டும் வந்தவை 711 சுரங்கங்கள். நாடாளுமன்றத்திலும் தன் நூலிலும் அவர் வைத்த நியாயங்கள் வலுவானவை. தனியார் முதலாளிகள் மேலாகக் கிடந்த நல்ல அடுக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் உள்ளதை நெருப்புக்கும் இடிபாட்டுக்கும் விட்டார்கள். முதலீடு செய்யவில்லை. தொழிலாளிக்கு நிர்ணயித்த கூலியைக் கொடுக்கவில்லை. 1965இல் தன்பாத் அருகே தோரி சுரங்க வெடிப்பில் 268 பேர் செத்தது அப்போது பழைய கதையாகிவிடவில்லை. 1973 மே 31 அன்று சென்னையிலிருந்து டெல்லி சென்ற விமானம் தரையிறங்கும் முன் விழுந்து குமாரமங்கலம் இறந்தார். தேசியமயம் முழுமையாகி அன்றைக்கு ஏறக்குறைய ஒரு மாதம். அவர் கட்ட நினைத்த அமைப்பை அவர் நடத்திப் பார்க்கவில்லை. 1975 நவம்பரில் கோல் இந்தியா உருவானபோது அதை வேறு கைகள் நடத்தின.

குமாரமங்கலத்தின் வாதம் முழுக்க முழுக்க வெட்டுவதைப் பற்றியது என்பதைக் கவனிக்க வேண்டும். எப்படி வெட்டுவது, யார் வெட்டுவது, வெட்டுபவனுக்கு என்ன கூலி. வெட்டியதை யார் தீர்மானித்து யாருக்கு அனுப்புவது என்ற கேள்விக்கு அவருக்குப் பதில் தேவைப்படவில்லை, ஏனென்றால் அரசு என்றால் பொது நன்மை என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. தேசியமயத்தால் விற்பவர் ஒருவர், விலை வைப்பவரும் அவரே, பங்கிடுபவரும் அவருக்கு மேலுள்ள அமைச்சகமே என்று ஆனது. முன்பு தனியாரிடம் பேரம் பேசி வாங்கிய மில்லும் மின்வாரியமும் அதன் பிறகு டெல்லியில் மனுப் போட வேண்டியதாயிற்று. இதைச் சொல்வது தேசியமயத்தைக் குறை சொல்வதாகாது. சுரங்கத்துக்குள் அது செய்த நன்மை தெரிந்ததே. சுரங்கத்துக்கு வெளியே அது ஒரு காலியிடத்தை விட்டுப் போனது. அந்த இடத்தில் குழுக்கள் வந்து உட்கார்ந்தன.

குழுக்களின் வேலையைத் தூத்துக்குடியில் பார்க்கலாம். அங்குள்ள தமிழக மின்வாரிய அனல்மின் நிலையத்தின் முதல் அலகு 1979இல் ஓடத் தொடங்கியது. 210 மெகாவாட் அலகுகள் ஐந்து, மொத்தம் 1,050 மெகாவாட். முழு வேகத்தில் ஓட நாளுக்கு 15,000 டன்னுக்கு மேல் நிலக்கரி வேண்டும். ஒரு சரக்கு ரயில், மின்வாரியத்தார் பேச்சில் ஒரு ரேக், ஏறக்குறைய 4,000 டன். ஆக, நாள்தோறும் நான்கு ரேக். ஒடிசாவின் தல்ச்சரில் வெட்டிய நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகத்துக்கு வர வேண்டும். அங்கே கப்பலில் ஏறி, வங்கக் கடலில் இறங்கி, இலங்கையைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வர வேண்டும். இதற்கென்றே தமிழக அரசு 1974இல் பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கி, தமிழ் அண்ணா, தமிழ் பெரியார், தமிழ் காமராஜ் என்று கப்பல்களுக்குப் பெயர் வைத்தது. எந்தச் சுரங்கத்திலிருந்து எந்த நிலையத்துக்கு எவ்வளவு என்று நிரந்தரமாகத் தீர்மானிப்பது நிலக்கரி அமைச்சகத்தின் லிங்கேஜ் குழு. அன்றன்றைக்கு எவ்வளவு கிளம்பும் என்று பார்ப்பது நிலக்கரி, மின்சார, ரயில்வே அமைச்சகங்களும் கோல் இந்தியாவும் கூடும் துணைக்குழு. ரேக் கொடுப்பது ரயில்வே. கப்பலும் சாம்பலும் மட்டும் நம்முடையவை. தல்ச்சர் நிலக்கரியில் பத்துக்கு நான்கு பங்கு சாம்பல் என்பதால், கடல் கடந்து வருவதில் கணிசமான பகுதி எரியாத மண். சுரங்க வாயில் விலையை வண்டிச் செலவு தாண்டுவதும் அதனால்தான் அத்தனை உறுத்துகிறது.

இந்த ஏற்பாட்டில் ஒரு மாநிலத்துக்கு உள்ள ஒரே வழி, கடிதம். பற்றாக்குறைக் காலம் ஒவ்வொன்றிலும் தமிழக முதல்வர்கள் பிரதமருக்கு எழுதிய கடிதங்கள், கட்சி எதுவானாலும், ஒரே தொனியில் இருக்கும்: எங்களுக்கு ஒப்புக்கொண்ட ரேக் இத்தனை, வந்தது இத்தனை. 2021 அக்டோபரில் நாடு முழுக்கக் கையிருப்பு சில நாட்களுக்கு வந்து நின்றது. 2022 ஏப்ரலில் பற்றாக்குறை திரும்பியபோதும் இதே மாதிரிக் கடிதம் போனது. 2022இல் இன்னொரு படி மேலே போய், எல்லா நிலையங்களும் பத்து விழுக்காடு இறக்குமதி நிலக்கரியைக் கலக்க வேண்டும் என்று மத்திய மின்சார அமைச்சகம் சொன்னது. உள்நாட்டு நிலக்கரியைப் போலப் பல மடங்கு விலை விற்ற காலம் அது. சில மாதங்களில் அந்த உத்தரவு தளர்த்தப்பட்டது. அதுவரை ஆன செலவை மாநில மின்வாரியங்கள் ஏற்றுக்கொண்டன. ரயிலும் சுரங்கமும் மத்திய அரசின் கையில் இருக்க, குறை நேர்ந்ததும் அதற்கு விலை கொடுப்பது மட்டும் மாநிலத்தின் பொறுப்பாயிற்று.

அமைச்சகம் நிலக்கரியை மட்டும் பங்கிட்டால் போதும் என்று இருக்கவில்லை. சுரங்கத்தையே பங்கிடத் தொடங்கியபோதுதான் உலகறிய மாட்டிக்கொண்டது. 1993இல் தேசியமயச் சட்டத்தைத் திருத்தி, மின் உற்பத்தியாளர்களுக்குச் சொந்தப் பயன்பாட்டுச் சுரங்கம் தரலாம் என்றார்கள். யாருக்கு என்று தீர்மானிக்க ஒரு தேர்வுக் குழு. 2004இலேயே ஏலம் விடலாம் என்று அன்றைய நிலக்கரிச் செயலர் பி.சி.பரேக் எழுதி வைத்தார். முதல் ஏலம் நடந்தது 2015இல். நடுவில் 2012 ஆகஸ்டில் ஏலமில்லாத ஒதுக்கீட்டால் தனியாருக்குக் கிடைத்த ஆதாயம் 1.86 லட்சம் கோடி ரூபாய் என்று தலைமைத் தணிக்கையர் கணக்குச் சொன்னார். அந்தத் தொகையைப் பற்றிய சண்டையில் முக்கியமானது மறைந்துபோனது. 2014இல் உச்ச நீதிமன்றம் 204 ஒதுக்கீடுகளை ரத்து செய்தபோது சொன்ன குறை தொகையைப் பற்றியதல்ல, முறையைப் பற்றியது: வெளிப்படையான, ஒரே மாதிரியான அளவுகோல் எதுவும் இல்லாமல், குழு கூடிக் கூடிக் கொடுத்தது. தனியாருக்கு மட்டுமல்ல, அரசு நிறுவனங்களுக்குக் கொடுத்த வழியும் செல்லாது என்றது நீதிமன்றம். அப்படிப் போனவற்றுள் தமிழ்நாடும் மகாராஷ்டிரமும் கூட்டாக, மகாதமிழ் காலியரீஸ் என்ற பெயரில், சத்தீஸ்கரில் வைத்திருந்த காரே பெல்மா இரண்டாம் பகுதியும் ஒன்று. பின்னர் அது மகாராஷ்டிர மின் உற்பத்திக் கழகத்துக்குப் போனது. நமக்கென்று பெயரெழுதிய சுரங்கம் வந்ததும் போனதும் இங்கே எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கேள்வி.

நெய்வேலியைத் தொடாமல் இந்தக் கதை முடியாது, ஏனென்றால் அங்கே தமிழ்நாடு வாங்கும் இடத்தில் இல்லை, கொடுக்கும் இடத்தில் இருக்கிறது. ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட பழுப்பு நிலக்கரி, காமராஜர் காலத்தில், 1956 நவம்பர் 14இல், கழகமாயிற்று. இன்று அதுவும் நிலக்கரி அமைச்சகத்தின் கீழ். 2006 ஜூலையில் அதன் பங்குகளை விற்க மத்திய அரசு முனைந்தபோது, கூட்டணியை விட்டே விலகுவோம் என்று கருணாநிதி சொன்ன பிறகு விற்பனை நின்றது. 2013இல் மீண்டும் விற்பனை. ஜெயலலிதா அரசு தன் நிறுவனங்களின் வழியே ஏறக்குறைய 3.56 விழுக்காட்டை வாங்கிக்கொண்டது. 2023இல் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய பழுப்பு நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் இருப்பது செய்தி வந்த பிறகுதான் மாநிலத்துக்குத் தெரிந்தது. டெல்டா கொதித்தது. ஏப்ரல் 4இல் முதல்வர் ஸ்டாலின் கடிதம் எழுதினார். நான்கே நாளில் மூன்றையும் நீக்கினார் அன்றைய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி. மூன்று நிகழ்வுகளிலும் மாநிலம் வென்றது. மூன்றிலும் வென்றது அரசியல் பலத்தால். விதியில் உள்ள உரிமையால் அல்ல. கூட்டணியில் பிடி இல்லாத மாநிலமோ, தேர்தல் நெருங்காத ஆண்டோ ஆக இருந்திருந்தால் முடிவு வேறாக இருந்திருக்கலாம்.

இந்த வாதத்துக்கு மறுப்புகள் உண்டு. முதலாவது, பற்றாக்குறையே மூலம். போதுமான அளவு வெட்டினால் பங்கீட்டுச் சண்டையே வராது என்பது. அமைச்சகத்தின் இன்றைய நிலைப்பாடும் இதுதான். ஆனால் பந்தியில் சோறு நிறைய இருந்தும் கடைசி இலைக்கு வராமல் போவதுண்டு. அது சமையல்காரர் குறையல்ல. 2021-22இல் உற்பத்தி முந்தைய ஆண்டைவிடக் கூடியிருந்தது; அந்த ஆண்டு அக்டோபரில்தான் நெருக்கடி. 2024-25இல் 104 கோடி டன் வெட்டியும் 24 கோடி டன் போல வெளியிலிருந்து வந்தது. கோக்கிங் வகைக்கு இறக்குமதி தவிர்க்க முடியாததுதான், ஆனால் மீதமுள்ளதில் கரையோர நிலையங்களுக்கு வந்ததும் அடக்கம்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. நிலமும் காடும் இழந்தது ஜார்க்கண்டும் ஒடிசாவும் சத்தீஸ்கரும். தூசியைத் தின்பது ஜாரியா. தூரம் கூடக் கூடக் கிலோமீட்டருக்குக் குறையும் ரயில் கட்டணத்தால் பயனடைந்தது தெற்கும் மேற்கும். அப்படியிருக்கச் சங்கரன்கோவில் முறையிடலாமா? முறையிடலாம், ஆனால் அவர்களுக்கு எதிராக அல்ல. எஃகு நாடு முழுக்க ஒரே விலைக்குக் கிடைக்கக் கொண்டுவந்த சரக்குக் கட்டணச் சமன்பாடு கிழக்கு மாநிலங்களின் தொழிலை நசுக்கியது என்ற குற்றச்சாட்டில் பெருமளவு உண்மை இருக்கிறது. அந்த முடிவையும் அந்த மாநிலங்களைக் கேட்டு எடுக்கவில்லை. வெட்டுபவர் ஊரும் எரிப்பவர் ஊரும் ஒரே மேசைக்கு வெளியே நிற்கின்றன. வளையமாதேவியில் 2023 ஜூலையில் நெய்வேலிச் சுரங்கப் பணிக்காகக் கதிர் வரும் பயிர்மேல் மண்வெட்டும் எந்திரம் ஓடியதைப் பார்த்த பிறகு, தல்ச்சர் விவசாயியின் நிலை நமக்குப் புரியாது என்று சொல்ல முடியாது.

2015க்குப் பின் ஏலம் வந்துவிட்டது, 2020 முதல் வணிகச் சுரங்கமும் வந்துவிட்டது, இனி அமைச்சகம் பங்கிடுவதில்லை, சந்தை பங்கிடும் என்பது மூன்றாவது. ஏலம் ஊழலைக் குறைத்தது, அதில் ஐயமில்லை. ஆனால் கோல் இந்தியா இன்னமும் நாட்டின் நிலக்கரியில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு. மின் நிலையங்களுக்குப் போவது இன்னமும் பெரும்பாலும் லிங்கேஜ் வழியில். ரேக் இன்னமும் ரயில்வே கையில். நெருக்கடி என்று வந்ததும் 2022இல் உத்தரவுதான் பேசியது, சந்தையல்ல.

கடைசி மறுப்பை நம் பக்கத்து வயல்களே எழுப்புகின்றன. செங்கோட்டைக் கணவாய்க் காற்றில் சுழலும் காற்றாலைகள் சூழ்ந்த ஊர், நிலக்கரியைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? காற்றுக்கு ஒரு பருவம் உண்டு என்பதால். ஆடித் தபசுக்குக் கூட்டம் கூடும் நாட்களில் காற்றாலை முழு வீச்சில் இருக்கும், ஐப்பசியில் அடங்கிவிடும். சித்திரை வெயிலில் தேவை ஏறும்போது அது பெரிதாக உதவாது. தமிழ்நாட்டின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது 2024 மே 2இல். பகலைச் சூரிய ஒளி சமாளித்தாலும் பொழுது சாய்ந்த பிறகு தறியும் மின்விசிறியும் ஒன்றாக இழுக்கும் நேரத்தை இன்றைக்கு நிலக்கரிதான் தாங்குகிறது. சேமிப்பு மின்கலங்கள் போதிய அளவில் வரும்வரை, இன்னும் பல ஆண்டுகளுக்கு, அது தொடரும். தவிர, வரவரச் சுருங்கப் போகும் நிலக்கரியில் யாருடைய நிலையத்தை முதலில் மூடுவது, எந்தச் சுரங்கத் தொழிலாளியை முதலில் வீட்டுக்கு அனுப்புவது என்பதும் பங்கீடுதான். 2020இல் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் மூடப்பட்டபோது அந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்கு வந்துவிட்டது.

சென்னைக்கு 2 மணி நேரம், மற்றவர்களுக்கு 4 மணி நேரம் என்று பிரித்த மாநில அரசும் இதே நோயைக் கொஞ்சம் தொற்றிக்கொண்டதுதான். டெல்லியைக் கேட்பவர்கள் சென்னையையும் கேட்க வேண்டும். விசைத்தறிக்கு இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் என்பது நல்ல உதவி, கரண்ட் இருக்கும் நேரத்தில் மட்டும். மத்தியில் செய்ய வேண்டியது பெரிய புரட்சியல்ல. லிங்கேஜ் குழுவிலும் துணைக்குழுவிலும் நிலக்கரி தரும் மாநிலங்களுக்கும் வாங்கும் மாநிலங்களுக்கும் வாக்குள்ள நிரந்தர இடம் வேண்டும். கூட்ட முடிவுகள் காரணத்தோடு அந்த வாரமே வெளியாக வேண்டும். ஒப்புக்கொண்ட ரேக் வராவிட்டால் அதனால் கூடும் செலவில் பங்கேற்கும் பொறுப்பு அனுப்பத் தவறியவருக்கு வேண்டும். சரக்கு, சேவை வரிக்கு மாநிலங்கள் வாக்களிக்கும் மன்றம் அமைக்க 2016இல் அரசமைப்பையே திருத்த வேண்டியிருந்தது. நிலக்கரிக்கு அது தேவையில்லை. குழுக்களை அமைத்தது நிர்வாக உத்தரவு, மாற்றவும் ஓர் உத்தரவு போதும். அந்த உத்தரவைக் கேட்டு வாங்குவது தமிழ்நாட்டின் நாடாளுமன்ற உறுப்பினர்களின் வேலை.